அலோயிஸ் திரும்பிப் போன வழி

"செத்தவனைப் பத்தி இத்தனை வருஷம் கழிச்சு எதுக்கும்மா கேக்குற?" என்றார் எமில்.

முதியோர் இல்லத்தின் சன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். ஒடில் கொண்டுவந்த கேக்கை அவர் தொடவில்லை.

ஒடிலின் தாய்மாமன் அலோயிஸ் ருஷ்யாவில் பனிக்குள் செத்தவர். பிரான்சின் அல்சாஸ் பகுதிக்காரர்தான். ஆனால் சாகும்போது உடம்பில் இருந்தது ஜெர்மன் சீருடை. ஊரைப் பிடித்தவர்கள் ஊர்ப் பையன்களையும் தங்கள் படைக்குப் பிடித்துக்கொண்டு போன காலம் அது.

எங்கே புதைத்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அவரோடு படித்தவர்களில் மிச்சமிருந்தது எமில் ஒருவர்தான்.

அம்மாவிடம் கேட்க முடியாது. அண்ணன் பெயரை எடுத்தாலே மார்த்தா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவாள்.

"நம்ம மண்ணப் புடிச்சவனுக்காகத் துப்பாக்கி தூக்கினவன் எனக்கு அண்ணனே இல்ல. மத்த பசங்க தப்பிச்சு ஓடல? இவனுக்கு மட்டும் என்ன கேடு?"

குடும்பக் கல்லறையில் அவர் பெயரைப் பொறிக்கவும் அவள் விட்டதில்லை.

ஒடில் இதைச் சொன்னதும் எமில் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவனும்தான் ஓடினான். சுவிஸ் எல்லை வரைக்கும் எங்களைக் கூட்டிட்டுப் போனதே அவன்தான். காட்டு வழி அவனுக்குத்தான் அத்துப்படி. முள்வேலியத் தூக்கிப் புடிச்சு ஒவ்வொருத்தனா அந்தப் பக்கம் அனுப்பினான். அவன் வரல."

"ஏன்?"

"பையன் ஓடிட்டா வீட்டுல இருக்கறவங்களை லாரியில ஏத்திட்டுப் போயிடுவானுங்க. அது எல்லாருக்கும் தெரியும். 'தங்கச்சி இப்பத்தான் நடக்கப் பழகுறாடா, அவளையும் ஏத்துவானுங்க'ன்னான். வந்த வழியே திரும்பிட்டான்."

எமில் ஊருக்குத் திரும்பவில்லை. அந்த வாரமே அவருடைய அப்பாவையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அம்மா மட்டும்தான் திரும்பி வந்தாள்.

"போர் முடிஞ்சதும் ஊர் கூடி என் சட்டையில பதக்கம் குத்திச்சு. அவனைத் துரோகின்னு பேசினாங்க. நான் வாயத் தொறந்திருக்கணும். தொறந்தா எங்கப்பன் எப்படிப் போனாருன்னும் சொல்லணுமே."

அவர் ஒடிலின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மார்த்தாவை இங்க கூட்டிட்டு வாம்மா. நானே அவகிட்ட சொல்லிடறேன். அவ என்னை அடிச்சாலும் சரி."

"கூட்டிட்டு வர்றேன்" என்றாள் ஒடில்.

வெளியே வந்து காரைத் திறந்தாள். பின்னிருக்கை முழுக்க மார்த்தாவின் துணிகள். அம்மாவின் அடக்கம் முடிந்ததும், தேவாலயத்தில் கொடுத்துவிடலாமென்று ஒடிலே மூட்டை கட்டியவை.