அஞ்சு யூகோ

சூரிச் உணவகச் சமையலறையில் நிரோஜனுக்கு அன்று சோதனை நாள், பிடித்தால்தான் வேலை. அங்கே சமைத்த மூவரும் மறைந்துபோன யூகோஸ்லாவியாவில் பிறந்தவர்கள். சண்டை வந்தால் செர்பியன், குரோவாசியன், பொஸ்னியன் என்று பிரிவார்கள். சிரிப்பு வந்தால் எல்லாரும் "யூகோ". உற்சாகத்தில் நிரோஜனும் அவர்களில் தலைமைச் சமையல்காரியான மில்யானாவை அப்படிக் கூப்பிட்டுவிட்டான். கத்திகள் நின்றன.

"விசரா! அது அவை தங்களுக்குள்ள சொல்லுறது. வெளியாள் சொன்னா வசவு," என்று கோப்பை கழுவிய குலம் அண்ணை தமிழில் கிசுகிசுத்தார்.

சற்று நேரத்தில் பரிமாறுகிற சுவிஸ்காரன் தலையை நீட்டி, "யூகோக்களே, சூப் எங்க?" என்று கத்தினான். மூவரும் இறுகினார்கள்.

"பொறு," என்றான் நிரோஜன். "குலம் அண்ணையோட சேர்த்து அஞ்சு யூகோதான் இருக்கிறம்."

மில்யானா அகப்பையை அவனிடம் நீட்டினாள்.

"ஊத்து, யூகோ. நாளைக்கு நேரத்தோட வா."