தோட்டத்துக்கு வந்த பைன்

மலையிலிருந்து ஒரு பைன் கன்றைக் கொண்டுவந்து வீட்டுத் தோட்டத்தில் நட்டார்கள். குளிரோ வெயிலோ, அது சளைக்காமல் வளர்ந்தது. ஆனால் பக்கத்திலிருந்த ரோஜாச்செடியிடம் தன் ஊரைப் பற்றி அது வாயே திறக்கவில்லை.

ஒருநாள், அதைச் சிறுவயதில் ஆட்டி ஆட்டி வளர்த்த மலைக்காற்று தேடிக்கொண்டு வந்தது.

"நல்லா இருக்கியா கண்ணு? எவ்வளவு வளர்ந்துட்டே!"

"யார் இந்த முரட்டு ஆள்? உனக்குத் தெரிந்தவரா?" என்று ரோஜா கேட்டது.

"தெரியாதே. வழி தவறி வந்திருப்பார்" என்றது பைன்.

காற்று ஒரு கணம் நின்றது.

"ஆமாம்மா, ஆள் மாறிப்போச்சு" என்று ரோஜாவிடம் சொல்லிவிட்டு, அதன் இதழ் ஒன்றுகூட உதிராதபடி மெல்ல வேலியைத் தாண்டிப் போனது.

பைன் கூப்பிட நினைத்தது. ரோஜா பார்த்துக்கொண்டிருந்தது.

"பாவம், நல்லவராகத்தான் தெரிகிறார்" என்றது ரோஜா.

பைன் தலை நிமிரவில்லை.