மேல்வரிசையில் நான்கு

பொட்டலத்தைப் பிரித்து பிளாஸ்டர் பல் அச்சைத் திருப்பியதும் சிந்துஜாவின் கை நின்றுவிட்டது.

மேல்வரிசையில் முன்பற்கள் நான்கும் இல்லை. இடப்பக்கக் கோரைப்பல் வரிசைக்கு மேலே தெற்றி நின்றது. வலப்பக்கக் கடைவாய்ப்பல் ஒன்றில் ஓரம் உடைந்திருந்தது.

சின்ன வயதில் அக்காவும் அவளும் புளியங்கொட்டை கடித்துப் பந்தயம் கட்டியதில் உடைந்த ஓரம்.

சீட்டில் பெயர் இல்லை. 'பெண், வயது 27. லேசான நைலான் பல்செட். கம்பி தெரியக் கூடாது. வெள்ளிக்கிழமைக்குள் அவசரம்.'

அருணாதேவி அக்காவுக்கு இருபத்தேழு.

வேறு யாருடையதாவது இருக்கட்டும் என்று விளக்கடியில் பிடித்து மறுபடி பார்த்தாள். அந்தத் தெற்றுப்பல் இன்னொரு வாயில் முளைத்திருக்க முடியாது.

ஆறு வருஷமாகப் பல்செட் செய்கிற கை. வேண்டாம் என்றாலும் விரல்கள் பல் இல்லாத இடத்தைத் தடவின. சொத்தையில் போகிற பல் ஒவ்வொன்றாகப் போகும். இவை நான்கும் ஒரே அடியில் போனவை. ஈறு ஆறி மழுங்கியிருந்தது. மூன்று மாதமாவது இருக்கும்.

மூன்று மாதமாகத்தான் அக்கா வீட்டுப் பக்கம் வரவில்லை. அடி அண்ணாமலையில் அவள் புருஷன், மாமாவின் கடையில் பௌர்ணமிக் கிரிவலக் கூட்டம் என்றாள். வீடியோவில் வரச் சொன்னால் கேமரா ரிப்பேர் என்றாள். 'சிந்து' என்று கூப்பிடும்போது முதல் எழுத்து காற்றாகப் போனது. சிக்னல் சரியில்லை என்று சிந்துஜா நினைத்துக்கொண்டாள்.

"இன்னா சிந்து, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றார் கிளினிக்கிலிருந்து அச்சு கொண்டுவந்த ராஜேந்திரன். "சீக்கிரம் ஆரம்பிம்மா. அந்தப் பொண்ணோட அம்மாவே கூட வந்து டாக்டர்கிட்ட கெஞ்சுனாங்களாம். வெள்ளிக்கிழமை சின்னப் பொண்ணுக்கு நிச்சயமாம்."

அம்மா கூட வந்திருக்கிறாள்.

அம்மாவுக்குத் தெரியும்.

அதனால்தான் ரமணாசிரமம் பக்கம், வெள்ளைக்காரர்கள் போகிற கிளினிக்காகப் பார்த்துப் போயிருக்கிறாள். அங்கே எடுக்கிற அச்சும் வேங்கிக்கால் லேபில் இந்த மேசைக்குத்தான் வரும் என்பது மட்டும் அவளுக்குத் தெரியவில்லை.

சிந்துஜா மெழுகு உருக்கும் விளக்கை ஊதி அணைத்தாள்.

"அவசரம் இல்லன்னு சொல்லிடுங்கண்ணா. அந்த நிச்சயம் நடக்காது."

"அது உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"நான்தாண்ணா அந்தச் சின்னப் பொண்ணு."

மாப்பிள்ளை மாமாவின் கூடப்பிறந்த தம்பி என்பதை அவரிடம் சொல்லவில்லை.