எமனிடம் விசாரித்தவர்கள்

எமன் முன்னால் போனால்தான் சைக்கிள் ஊர்வலத்துக்கு மரியாதை. அதனால் செம்மேட்டு இறக்கத்தில் நான் பிரேக்கைத் தொடவே இல்லை.

பின்னால் மணியடித்துக்கொண்டே வந்தது ஒரு காக்கா. சுகாதார நிலைய நர்ஸ் பிரிசில்லாதான். அதற்கும் பின்னால் முந்தானை பறக்க ஒரு புதுப்பெண். மிளகு பயிரிடும் குழந்தைசாமி. மீசையை எடுத்தால்தான் பெண்ணாகத் தெரிவீர்கள் என்றதற்கு, மீசையைப் பிடிக்காத மாப்பிள்ளை எனக்கு வேண்டாம் என்றுவிட்டார்.

பௌர்ணமி என்றால் இப்படித்தான். வேஷம் கட்டிக்கொண்டு, கைப்பிடியில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு, பலா மரங்களுக்கு நடுவே ஓவென்று கத்திக்கொண்டு போவோம். மேட்டில் நாக்குத் தள்ளும். இறக்கத்தில் காரணமே இல்லாமல் சிரிப்பு பொங்கும். மாதத்தில் மிச்ச நாளெல்லாம் நான் அந்தச் சிரிப்புக்காகத்தான் காத்திருக்கிறேன்.

டீக்கடையில் நிறுத்தினோம். எங்கள் பின்னாலேயே ஒரு காரும் வந்து நின்றது.

ராசிபுரத்துக்காரர்கள், கணவனும் மனைவியும். கோயிலுக்கு வந்துவிட்டுத் திரும்புகிறோம் என்றார்கள். பெண்ணைப் பற்றி விசாரிக்க மலையேறுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

அந்த அம்மா ஓரமாக நின்றுகொண்டார். பெரியவர் நேராக என்னிடம் வந்தார். என் தலையில் பள்ளிக்கூட ஆண்டு விழாக் கிரீடம், முகமெல்லாம் கருப்பு மை, காதுவரை ஒட்டு மீசை. மனிதர் கொஞ்சமும் அசரவில்லை.

“ஏனுங்க, இங்க ஸ்கூல்ல இருக்கற சுமித்ரா டீச்சர் எப்படிங்க? எங்க பையனுக்குக் கேக்கறமுங்க.”

காக்கா டீ கிளாசுக்குள் அலகை நுழைத்துக்கொண்டது. புதுப்பெண் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்.

இந்தச் சம்பந்தம் அமைய வேண்டும் என்று எனக்கு மனசார ஆசை. பையன் அதிர்ந்து பேசாதவன், நன்றாகச் சமைப்பான் என்று தரகர் சொல்லிக் கேள்வி. ஆனால் போன தடவை வந்த வரன், சைக்கிள் விஷயம் காதில் விழுந்த அன்றே கை நழுவிப் போயிருந்தது.

மறைத்தால் கல்யாணம் நடந்துவிடும். அப்புறம் பௌர்ணமிக்குப் பௌர்ணமி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

வருவது வரட்டும் என்று குரலைக் கட்டையாக்கிக்கொண்டேன்.

“தங்கமான பொண்ணுங்க. ஆனா பௌர்ணமியானா வேசங் கட்டிக்கிட்டு சைக்கிள்ல கெளம்பிருமுங்க. யாரு நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தாதுங்க.”

பெரியவரின் முகம் சுருங்கியது. தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் காருக்குத் திரும்பினார். கதவைக் கொஞ்சம் வேகமாகவே சாத்தினார்.

அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

ஆனால் அந்த அம்மா காரில் ஏறவில்லை. என் பக்கத்தில் வந்து, கணவர் காதில் விழாதபடி மெதுவாகச் சொன்னார்.

“எத்தன மை பூசுனாலும் போட்டோவுல பாத்த மொகம் தெரியாமப் போயிருமா? அதுல உம்முனு இருந்தியா, வேண்டாம்னு சொல்லிரலாம்னு இருந்தேன் கண்ணு. நீ சிரிச்சுக்கிட்டே எறங்குனதக் கார்ல இருந்து பாத்துட்டுத்தான் வண்டிய நிறுத்தச் சொன்னேன். அவர நான் பாத்துக்கறேன். ஞாயித்துக்கெழமை பொண்ணு பாக்க வாரோம்.”