காலி பாட்டில் ஜோசியம்

ஓர் ஏரியாவில் மதுக்கடை ஓடுமா என்று மனிதர்களைக் கேட்டால் பொய் சொல்வார்கள். காலி பாட்டில் பொய் சொல்லாது. பாதி ஆயுளை யாருடைய மதுக்கடையிலோ விற்பனையாளராகத் தேய்த்துவிட்டு, கூட்டாளியோடு சொந்தக் கடை போடத் துடிக்கும் அந்த மனிதர், பழைய பாட்டில் கடையில் குந்தியபடி மூட்டைகளைக் கிளறுகிறார். மாலை வெயில் கண்ணாடிகளில் புகுந்து, பச்சையும் பழுப்புமாக அவர் சட்டையில் விழுகிறது. எல்லாம் உயர்ந்த சரக்கு. வாய் தானாக விசிலடிக்கிறது. "கண்ணை மூடிக்கிட்டுக் கடை போடுங்க சார், பிச்சுக்கிட்டுப் போகும்!" என்கிறார் பாட்டில் கடைக்காரர். "பக்கத்துல கடையே இல்லாம இவ்வளவு குடிக்கிறானுங்க!" வாசலில் நிழலாடுகிறது. பெரிய பையோடு, மூட்டை கிளறுபவரின் தங்கை. சத்தம் வராமலிருக்க ஒவ்வொரு பாட்டிலையும் பழந்துணியில் சுற்றியிருக்கிறாள். அண்ணனைக் கண்டதும் பை முதுகுக்குப் பின்னால் போகிறது. "மாப்பிள்ளை குடியை விட்டுட்டாருன்னு சொன்னியேம்மா?" "குறைச்சிருக்காருண்ணே. ரெண்டு பஸ் மாறிப் போய் வாங்கணுமே, அலுத்துக்கிட்டுப் பாதி நாள் வீட்லயே இருந்துடறாரு." சிரிக்கப் பார்க்கிறாள், உதடு ஒத்துழைக்கவில்லை. "அந்தத் தூரம்தாண்ணே எங்க குடும்பத்தைக் காப்பாத்துது."

சட்டைப்பையில் போன் அலறுகிறது. கூட்டாளி. "என்னய்யா, கடை ஓடுமா? இடத்துக்காரர் இப்பவே பதில் கேக்கிறாரு." அவர் எதிர்ச்சாரியைப் பார்க்கிறார். ஷட்டர் தூக்கிய காலிக் கடை, உள்ளே புதுச் சுண்ணாம்பின் வெளிச்சம். இனி இப்படி ஓர் இடம் அமையாது. "ஓடாதுப்பா," என்கிறார். பாட்டில் கடைக்காரர் வாயைப் பிளக்கிறார். அந்தப் பாட்டில் மலைக்கு நடுவே நின்றுகொண்டு அவர் மேலும் சொல்கிறார்: "இந்த ஏரியாவுல ஒருத்தனும் குடிக்கிற மாதிரியே தெரியல."