துட்டி வீட்டுச் சவரம்

சலூன் கண்ணாடியில் ஒரு பையனின் நுரை பூசிய முகத்தைப் பார்த்ததும் தளவாய்க்குச் சந்தேகம் வந்தது. பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார்.

வெங்கடேஷ்தான். அம்மாவைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை. தலை நிறைய முடியோடு சலூன் நாற்காலியில் சாய்ந்து கிடந்தான்.

“ஏலே, நீ முருகம்மா மகன்தான?”

“ஆமா மாமா,” என்று எழுந்திருக்கப் பார்த்தான். கடைக்காரர் சுயம்பு அவன் நெற்றியில் விரலை வைத்து மறுபடி சாய்த்தார். கத்தி கையில் இருக்கும்போது அவர் யாரையும் எழுந்திருக்க விடமாட்டார்.

தளவாய் பெஞ்சில் உட்கார்ந்தார். தள்ளி இருக்கும் ஐரோலிக்குக் குடிபோன பிறகும் முடி வெட்டத் தாராவிக்குத்தான் வருவார். அங்கே ஏசி போட்டு, பெயரைக் கேட்டு, கேட்டதற்கும் சேர்த்துக் காசு வாங்குகிறார்கள். இங்கே மின்விசிறியும் தமிழும் இலவசம்.

இன்றைக்கு இரண்டு வேலையாக வந்திருந்தார். முருகம்மாள் சாவுக்கு வர முடியவில்லை, கம்பெனியில் லீவு இல்லை. அதனால் முதலில் முடிவெட்டு. பிறகு அவள் புருஷன் பெரியநாயகத்தைப் பார்த்துத் துட்டி கேட்பது, ஆறுதலாக நாலு வார்த்தை சொல்வது. இரண்டுக்கும் சேர்த்து வீட்டுக்குப் போய் ஒரே குளியல்.

“மொட்டை போடலியாலே?”

கத்தி தொண்டையில் இருந்தது.

“சுடுகாட்டுல வச்சே மாட்டேன்னுட்டான்னு சொன்னானுவ. நான் நம்பல. யாரோ வேண்டாதவன் கிளப்பி விடுதான்னு நெனச்சேன்.”

“அண்ணாச்சி, அது வந்து…” என்றார் சுயம்பு.

“நீரு சும்மா இரும் வே. காரியம் முடியுத வரைக்கும் துட்டி வீட்டுக்காரன் மூஞ்சில கத்தி படலாமா? உமக்குத் தெரியாதா?”

“தெரியும். அதான் சொல்ல வாரேன்…”

“தெரிஞ்சுமா செய்யுதீரு?”

சுயம்பு கத்தியைத் துடைத்தார். தளவாய் பேச ஆரம்பித்துவிட்டால் நடுவில் ஆள் நுழைய இடம் இருக்காது. காத்திருப்பதுதான் வழி.

சவரம் முடிந்தது. வெங்கடேஷ் கண்ணாடிக்குக் கிட்டே போய்ப் பார்த்தான்.

“கண்ணுக்குக் கீழ வீக்கம் தெரியுதா அண்ணே?”

“கொஞ்சம்.”

“ஐஸ் கிஸ் ஏதாவது வைங்களேன். க்ரீமும் போட்டுருங்க. ஆள் ஃப்ரெஷ்ஷா தெரியணும்.”

“எங்கலே போற, பொண்ணு பார்க்கவா?” என்றார் தளவாய்.

அவன் திரும்ப நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைச் சுயம்புவிடம் நீட்டினான்.

“அடுப்புல வெந்து ஊருக்கெல்லாம் சாப்பாட்டு டப்பா கட்டிக் குடுத்து ஒன்னப் படிக்க வச்சாலே அவ. அவளுக்காக நாலு நாள் அசிங்கமா இருக்க முடியல ஒனக்கு.”

சாவுக்கு வராத நீ இதைப் பேசலாமா என்று தளவாய்க்கு உள்ளே ஒரு குரல் கேட்டது. கேட்டதால் இன்னும் சத்தமாகப் பேசினார்.

“இங்கேருந்து நேரே உங்கப்பாகிட்டதான் போறேன். மகன் க்ரீம் பூசிட்டு உட்கார்ந்திருக்கான்னு சொல்லாம வரமாட்டேன்.”

வெங்கடேஷ் சட்டென்று திரும்பினான். “மாமா, அப்பா வீட்ல…”

அதற்குள் போன் அடித்தது. வீடியோ கால். அவன் துண்டால் முகத்தைத் துடைத்தான். கண்ணைத் துடைத்தான். கண்ணாடியைப் பார்த்து ஒருமுறை சிரித்துப் பார்த்துக்கொண்டான். பிறகுதான் எடுத்தான்.

தளவாய் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். திரையில் பெரியநாயகம். ஆஸ்பத்திரிக் கட்டில், நெஞ்சில் பெரிய கட்டு, கையில் ட்ரிப்ஸ்.

“ஷேவ் பண்ணிட்டியா? நல்லது. நேத்து நீ தாடியோட வந்து நின்னதும் எனக்குப் பக்குன்னு ஆயிட்டு. அம்மாவுக்கு ஏதும்…”

“ஒண்ணும் இல்லப்பா. ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி.”

“அவ ஏன் போன் எடுக்க மாட்டேங்கா? என் போனையும் நீ தூக்கிட்டுப் போயிட்ட. இந்த நர்ஸ் பொண்ணு போன்லேர்ந்து கூப்பிடுதேன்.”

“அம்மா போன் தண்ணில விழுந்துட்டுப்பா. ரிப்பேருக்குக் குடுத்திருக்கு.”

“பொய் சொல்லுத மாதிரியே இருக்கு.”

சுயம்பு தளவாயின் காதருகே வந்தார். “நெஞ்சுல ஆபரேஷன், உமக்கு யாரும் சொல்லல போல. அவரு உள்ள கிடக்கும்போதுதான் அந்தம்மா போயிட்டு. இப்ப சொன்னா தாங்க மாட்டாருன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. இதைத்தான் அப்பலேர்ந்து சொல்ல வாரேன்.”

தளவாய் திரையில் தெரியாதபடி ஒதுங்கப் பார்த்தார்.

“பின்னால யாருலே, தளவாயா? போனை அவருகிட்ட குடு.”

வெங்கடேஷின் கை நகரவில்லை. தளவாயே வாங்கிக்கொண்டார்.

“வே தளவாய், இந்தப் பய பேச்சை நம்ப முடியல. நீரு கல்யாண வீட்டுல சாம்பார் ஊசிப்போச்சுன்னு மாப்பிள்ளைகிட்டயே போய்ச் சொன்ன ஆளு. உமக்குப் பொய் வராது. சொல்லும், எங்க வீட்டுக்குப் போனீரா? அவளைப் பாத்தீரா?”

வெங்கடேஷ் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

“போகாம? அங்கேருந்துதான் வாரேன்,” என்றார் தளவாய். “காப்பின்னு ஒண்ணு குடுத்தா. சீனியை அள்ளிக் கொட்டியிருக்கா. நீரு வீட்டுக்கு வந்ததும் மொத வேலையா அவளுக்குக் காப்பி போடச் சொல்லிக் குடும் வே.”