மெதுவாகப் பேசும் ஊர்கள்

கோடை லீவில் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பெட்ரோல் பங்கில் இருந்த பெண், "ஃபுல்லாப் போடவா?" என்று கிசுகிசுத்தாள். ஏரியில் படகு ஓட்டிவிட்டுத் திரும்பியபோது, படகுக்காரர் நான் மறந்த தொப்பியோடு கார்வரை வந்து, "உங்களுதா?" என்று ரகசியம் போலக் கேட்டார். இந்தப் பக்கத்து ஜனங்களுக்குக் குரலே அவ்வளவுதான் போல என்று நினைத்துக்கொண்டேன்.

மலையடிவாரத்தில் டயர் பஞ்சர். பஞ்சர் கடைக்காரர் தெருவே அதிர, போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். காருக்குப் பக்கத்தில் வந்ததும் குரல் அடங்கியது.

"பின்னாடி தூங்குறவங்களை இறங்கச் சொல்லுங்க சார். ஜாக்கி போடணும்."

பின்சீட்டில் கூடாரப் பையும் ஈரத்துண்டும்தான் கிடந்தன. "யாருமே இல்லையே" என்றேன்.

கண்ணாடி வழியே இன்னொரு தடவை பார்த்தார். "எழுப்ப மனசு வரலைன்னா விடுங்க. நான் அலுங்காமத் தூக்குறேன்."

அலுங்காமல்தான் தூக்கினார். கிளம்பும்போது நானும் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன். மலைப்பாதையில் வேகத்தடை வந்த இடமெல்லாம் ஊர்ந்தேன். ஒன்றை மட்டும் கவனிக்கவில்லை. கார் தூக்கிப் போட்டது.

மேலே ஒரு சின்ன ஊரில், பழக்கடை முன்னால் நிறுத்தினேன். கடைக்கார அம்மா குரலைக் குறைக்கவே இல்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்து, வாய் நிறையச் சிரித்தபடி கேட்டாள்:

"நல்ல தூக்கமா?"